ஒலிக்கோப்பும் கலைஞனின் பெயரும்

இழப்பின்றிப் பேணப்பட்ட இக்கால ஒலிக்கோப்பொன்றை, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கணினியொன்றின் குறுகிய அமைப்புக்கு மாற்றுவோரை நோக்கி, 'நல்லதை ஏன் கெடுக்கிறீர்கள்?' என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் அம்மாற்றத்தில் கழிவது யாது, எஞ்சுவது யாது என நுணுகி நோக்குமிடத்து, கலைக்கும் அதன் கருவிக்கும், கருவிக்கும் அதனை வாங்கவல்லவரின் வருவாய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகப் புலப்படும்.

அமிகா என்னும் கணினியைக் கொமடோர் நிறுவனம் 1985ஆம் ஆண்டு யூலை 23ஆம் திகதி நியூயோர்க்கில் அறிமுகஞ் செய்தது. அதன் 'போலா' என்ற சில்லு நான்கு ஒலித்தடங்களை ஒரே நேரத்தில் இசைக்க வல்லது. ஒவ்வோர் ஒலிமாதிரியும் 8 பிட் அளவினது. இயற்கை ஒலிகளைப் பதிந்து இசைக்கும் 'பெயார்லைட்' போன்ற கருவிகள் அதற்கு முன்னரும் இருந்தன. ஆனால் அவற்றின் விலை பல்லாயிரம் பவுண். செல்வர்தம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே அவை உரியனவாயிருந்தன. 1987இல் மலிவான அமிகா 500 வெளிவந்தபோது, ஐரோப்பியத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளின் படுக்கையறைக்கும் அவ்வாற்றல் வந்து சேர்ந்தது.

இக்கணினியின் ஒலிக்கோப்பு '8 எஸ்.வி.எக்ஸ்.' எனப்படும். 1985இல் எலெக்ட்ரொனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரி மொரிசன் வகுத்த பொதுப்பரிமாற்ற அமைப்பின் ஒரு கிளையே இது. எவரும் பயன்படுத்தலாம் என்று அவ்வமைப்பு பொதுவில் விடப்பட்டமை இங்கு மனங்கொள்ளத் தக்கது. கோப்பு சிறு பெட்டிகளாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கெழுத்துப் பெயர், நான்கு பைட்டில் நீளம், பின்னர் உள்ளடக்கம். வேகமும் பிற விவரங்களும் ஒரு பெட்டியில், ஒலி வேறொன்றில். ஆக்கியோன் பெயருக்கும் ஒரு பெட்டி உண்டு. அது கட்டாயமன்று. 1988இல் அப்பிள் நிறுவனம் தன் ஒலிக்கோப்பையும், 1991இல் மைக்ரோசொவ்ற்றும் ஐ.பி.எம்.மும் 'வேவ்' கோப்பையும் இவ்வமைப்பைத் தழுவியே உருவாக்கின. ஆயினும் வேவ் கோப்பு எண்களின் பைட் வரிசையைத் தலைகீழாக்கியது. அதுமட்டுமன்று; 8 பிட் வேவில் மௌனம் 128 என எழுதப்பட, அமிகாவில் அது 0. இதனை அறியாது மாற்றுவோர்க்கு இசைக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் இரைச்சலே கிட்டும்.

இனி ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஏழு செக்கன் நீளமுள்ள மேளவாசிப்பு ஒன்று 'ஃபிளாக்' கோப்பில் இருக்கிறது. 2001இல் ஜோஷ் கோல்சன் வெளியிட்ட அவ்வமைப்பு ஒலியைச் சுருக்கினும், விரிக்கும்போது ஓர் எண்ணும் பிசகாது மீளும். இறுவட்டுத் தரத்தில் விரித்தால் செக்கனுக்கு 176,400 பைட். ஏழு செக்கனுக்கு 1,234,800. அமிகாவின் நெகிழ்வட்டு கொள்வதோ 901,120 பைட் மாத்திரமே. எனவே குறைத்தேயாக வேண்டும். இரு தடங்கள் ஒன்றாக்கப்படும். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் 16,574 ஆகும். 65,536 படிநிலைகள் 256 ஆகச் சுருங்கும். முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ 116,000 பைட். பத்தில் ஒரு பங்கிலும் குறைவு.

இவற்றைக் கண்மூடிச் செய்தல் கூடாது. செக்கனுக்கு 16,574 மாதிரிகள் எடுக்கையில் 8,287 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை அவை தாங்கமாட்டா. முன்கூட்டியே வடிகட்டாவிடின் அவ்வொலி மறைவதில்லை. வேடம் மாறி வரும். தாளத்தட்டின் 10,000 ஹேர்ட்ஸ் அதிர்வு 6,574 ஹேர்ட்சாக, வாசித்தவன் ஒருபோதும் எழுப்பாத ஒலியாக ஒலிக்கும். படிநிலைகளைக் குறைக்கும்போதும் மெல்லிய ஒலிகள் கரடுமுரடாகச் சிதையும். அதனைத் தவிர்க்கச் சிறிது இரைச்சலை வேண்டுமென்றே கலப்பதுண்டு. ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியிடாது எழுதிய நம் ஏட்டெழுத்தரைப் போல, இங்கும் சாதனமே எழுத்தின் வடிவை விதிக்கிறது.

1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் 'அல்ரிமேற் சவுண்ட்ட்ரக்கர்' என்னும் இசையமைப்புச் செயலியை வெளியிட்டார். வணிகத்தில் அது வெற்றிபெறவில்லை. ஆனால் இளைஞர் பலர் அதனைப் பிரித்தாராய்ந்து, திருத்தி, கைக்குக் கை பரப்பினர். 1989இல் 'நொய்ஸ்ட்ரக்கர்', 1990இல் 'புரோட்ரக்கர்' என வழித்தோன்றல்கள் பிறந்தன. ஒலித்துண்டொன்றின் பெயருக்கென அவற்றின் கோப்பில் 22 எழுத்துகளே ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்விடத்திலும் இளைஞர்கள் நண்பருக்கு வாழ்த்தே எழுதினர்! அவ்வுற்சாகத்தை நான் குறைகூறேன். கொமடோர் 1994இல் முறிந்தபின்பும் அக்கலை அழியாமைக்கு அக்கூட்டுழைப்பே காரணம்.

ஆயினும் அத்துண்டுகள் எவருடைய உழைப்பு? மேற்சொன்ன ஏழு செக்கன் மேளம் கற்பனையன்று. 1969இல் அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு பதிந்த 'ஆமென், பிரதர்' என்னும் பாட்டில் கிரெகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனித்து வாசித்த நான்கு தாளச்சுற்றே அது. 1986இல் மேளத்துண்டுகளின் தொகுப்பிசைத்தட்டொன்றில் அது இடம்பெற்றபின், ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் வெட்டி ஒட்டப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் எழுந்த 'ஜங்கிள்' இசைக்கு அதுவே முதுகெலும்பு. அர்பன் ஷேக்டவுன் குழுவினர் போன்றோர் அமிகாவிலேயே அத்தகைய இசையை ஆக்கினர். கோல்மனுக்கோ ஒரு சதமும் கிட்டவில்லை. 2006இல் அவர் வீடற்றவராய் மாண்டார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு, 2015இல் இரசிகர்கள் 24,000 பவுண் திரட்டிக் கொடுத்தனர். அது சட்டம் அளித்ததன்று, மனச்சாட்சி அளித்தது.

ஏழை இளைஞனின் மலிவான கணினியும் ஏழைக் கலைஞனின் மேளமும் சந்தித்த இடம் இது. எடுத்தவனைத் திருடன் என்று நான் சொல்லத் துணியேன், அவனும் இல்லாதவனே. பலன் திரண்டது பெரும்பாலும் இசைத்தட்டு வணிகரிடத்தில்.

1991இல் லான்ஸ் நோர்ஸ்கொக் தொடக்கிய 'சொக்ஸ்' என்னும் இலவசச் செயலியால் இம்மாற்றத்தை எவரும் செய்யலாம். ஃபிளாக் கோப்பில் எழுதப்பட்ட கலைஞர் பெயர், மாற்றுபவர் தாமே முயலாவிடின் பெரும்பாலும் வழியில் உதிர்ந்துபோகும். கிரெகரி கோல்மன் என ஆங்கிலத்தில் எழுத 15 பைட் வேண்டும். இரட்டைப்பட எண்ணாக்க ஒன்று. பெட்டியின் தலைப்புக்கு எட்டு. 116,000 பைட் கோப்பில் அதற்கு வேண்டிய மொத்த இடம் 24 பைட்.