இரத்தாம்பரமும் மெய்யான மகிமையும்



வேதத்தில் இரத்தாம்பரம் என்று வாசிக்கும்போது, அது அரசருக்குரிய உடை என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

தீரு, சீதோன் பட்டணங்களின் கடலோரத்தில் வாழ்ந்த முட்சங்கு நத்தைகளே அதன் பிறப்பிடம். அவற்றின் சிறு சுரப்பியில் ஊறும் நீர், காற்றும் வெளிச்சமும் பட்டபின் சிவந்த ஊதாவாக மாறும். தொழிலாளர் அச்சுரப்பிகளை உப்பிலிட்டு, நாட்கணக்கில் இளஞ்சூட்டில் காய்ச்சினர். 1909-இல் வேதியியலர் பவுல் பிரீட்லேண்டர் 12,000 நத்தைகளிலிருந்து பெற்ற சாயம் வெறும் 1.4 கிராம். சாயப்பட்டறைகளின் மிகுதியால் தீரு பட்டணம் வாசத்திற்கு இனிமையற்றதாயிற்று என்று பூகோள ஆசிரியர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். உழைத்தவனுக்கு நாற்றம், உடுத்தியவனுக்கு மகிமை!

ரோமப் பேரரசர் தியோக்கிளேத்தியன் 301-இல் விதித்த விலைப்பட்டியலைப் பாருங்கள். இரத்தாம்பரச் சாயமிட்ட பட்டு ஓர் இராத்தலுக்கு 1,50,000 தெனாரியம். அதே பட்டியலில் வயல் கூலியாளுக்கு உணவோடு ஒரு நாள் கூலி 25 தெனாரியம். அவன் ஒரு காசும் செலவழியாமல் 6,000 நாள், அதாவது பதினாறு ஆண்டுகளுக்கும் மேல், உழைத்தால்தான் அந்த ஓர் இராத்தல் பட்டை வாங்கலாம்.

இந்த ராஜரீக நிறத்தைப் பரிகாசமாய் நம் ஆண்டவருக்கு உடுத்தினார்கள் என்று மாற்கும் யோவானும் சாட்சியிடுகிறார்கள். பின்பு மாற்கு சொல்லுகிறபடி, அதைக் கழற்றிவிட்டே சிலுவைக்குக் கொண்டுபோனார்கள். அங்கி போயிற்று, அவருடைய ராஜரீகம் போகவில்லை.

உலகம் காத்துவைத்த மகிமையோ நிலைக்கவில்லை. 1453-இல் கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்தது. பழைய சாயத்தொழிலும் மறைந்தது. 1856-இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாய்ச் செய்ய முயன்றபோது, நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். அதன்பின் அரசரின் நிறம் கடைவீதிக்கு வந்தது.

பிரியமானவர்களே, அருமையினால் மட்டும் உண்டாகும் கனம், அந்த அருமை நீங்கியவுடன் நீங்கிப்போம். ஆயினும் இன்றும் நாம் பட்டுடுத்தி வருகிறவருக்கு முன்வரிசையைக் காட்டுகிறோம். அந்தப் பட்டை நெய்து, சாயமிட்டு, கறைபடிந்த கைகளோடு வருகிறவரை எங்கே உட்காரவைக்கிறோம்? யாக்கோபு தம் நிருபத்தில் கேட்ட கேள்வி இதுவே. வருகிற ஞாயிறு ஆலய வாசலில் நிற்கும்போது, அதற்கு உங்கள் செய்கையினால் பதில் கொடுங்கள்.

கர்த்தர்தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.