இருத்தலும் உடைமையும்

பிரெஞ்சு பயில்வோரை முதலில் மிரட்டுவது ஒரு பட்டியல். கூட்டு இறந்தகாலத்தில் பெரும்பாலான வினைகள் 'அவ்வார்' (உடைமை) என்னும் துணைவினையைக் கொள்ளும். போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளும் தற்சுட்டு வினைகளும் 'எத்ர்' (இருத்தல்) என்பதைக் கொள்ளும். ஏன் என்று கேட்டால், மனப்பாடம் செய்யுங்கள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

உண்மையான விடை லத்தீனில் உள்ளது. 'எழுதப்பட்ட கடிதமொன்றை உடையேன்' என்பது அங்கே உடைமையைச் சொல்லும் வாக்கியம். உடையவனும் எழுதியவனும் ஒருவனே என்று ஆகிவிட்டபோது உடைமைப் பொருள் தேய்ந்து, 'எழுதியிருக்கிறேன்' என்ற பொருள் நின்றது. ஆனால் உடைமை கொள்ளச் செயப்படுபொருள் வேண்டுமே! இறந்தவன் எதை உடையவன்? 'இறந்தவனாக இருக்கிறான்' என்றே லத்தீன் முன்பிருந்து சொல்லி வந்தது. அந்த வழக்குதான் 'எத்ர்' பட்டியலுக்கு மூலம். (உடைமைக்கெனத் தனி வினை இல்லாத தமிழ், 'வந்திருக்கிறான்', 'எழுதியிருக்கிறான்' என இரண்டையும் 'இரு' கொண்டே முடித்துவிடுகிறது.)

எல்லைக்கோடு நெடுங்காலம் உறுதியாக இருக்கவில்லை. 'ஓடுதல்' இன்று 'அவ்வார்' கொள்ளும் வினை. 1670இல் அரங்கேறிய ராசீனின் 'பெரெனிஸ்' நாடகத்திலோ அது 'எத்ர்' கொண்டு வருகிறது. இதனினும் சுவையானது 'வெளியே செல்லுதல்'. முற்கால இலக்கணக்காரர் இவ்வினைக்கு இரு துணைவினைகளையும் அனுமதித்துப் பொருளைப் பிரித்தனர்: 'அவ்வார்' வந்தால் போய்த் திரும்பிவிட்டார், 'எத்ர்' வந்தால் இன்னும் வீட்டில் இல்லை. வாசலில் நிற்கும் விருந்தினருக்கு ஒரு துணைவினையே விடை சொல்லிவிடும்! இன்று செயப்படுபொருள் இல்லாதபோது 'எத்ர்' மட்டுமே சரி. ஒழுங்கு கிடைத்தது, ஒரு நுட்பம் போயிற்று. பேரம் நட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 'தெமுரே' என்னும் வினையில் அந்தப் பழைய நுட்பம் பிழைத்திருக்கிறது: 'அவ்வார்' வந்தால் குடியிருந்தார், 'எத்ர்' வந்தால் அப்படியே இருந்துவிட்டார்.

உடன்பிறந்த மொழிகள் வேறு வழி சென்றன. ஸ்பானிய மொழி இருத்தலைக் கைவிட்டு எல்லா வினைகளுக்கும் உடைமையையே வைத்துக்கொண்டது. இத்தாலியமோ 'இருந்தேன்' என்று சொல்லவும் இருத்தலையே துணைக்கு அழைக்கிறது. பிரெஞ்சில் 'எத்ர்' தனக்கே துணையாவதில்லை, 'அவ்வார்' வந்து உதவ வேண்டும். கனடாவின் கெபெக் பேச்சுவழக்கில் 'விழுதல்' 'அவ்வார்' கொண்டு வருவதைக் கேட்கலாம். பள்ளியில் அதற்குச் சிவப்பு மை விழும். ஸ்பானியம் முழுமையாக நடந்து முடித்த பாதையில் அது ஓர் அடி.