உறவின் வழி வளர்ந்த சபைகள்

திருநெல்வேலிச் சீமையின் தொடக்ககாலச் சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபைகளின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய மிஷனரிகளின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் கொண்டே எழுதப்பட்டிருப்பதால், புதிதாகச் சேர்ந்தவரைச் சபையாராக வளர்த்தெடுத்த உறவினரும் அண்டை வீட்டாரும் அதில் உரிய இடம் பெறவில்லை. பாளையங்கோட்டையில் 1778இல் மிஷனரியான ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்னும் பிராமண விதவையைச் சுற்றியே அங்கு ஒரு சிறு கூட்டம் திரண்டது. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பேரே இருந்தனர். தஞ்சாவூரில் தங்கிப் பணிபுரிந்த ஸ்வார்ட்ஸ் அரிதாகவே இங்கு வந்தார் என்பதால், 1785இல் கோயில் எழும்பும் வரையிலும் அதற்குப் பின்னரும் சபையின் அன்றாட வாழ்வைத் தாங்கியவர்கள் இவ்வூர் மக்களும், குருவுக்குத் துணையாகப் போதிக்கும் உபதேசியார்களுமே ஆவர்.

கிராமங்களில் இந்த உறவுவழி இன்னும் வலுவாகச் செயல்பட்டது. சாத்தான்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த நாடார் குலத்தவரான தாவீது சுந்தரானந்தம் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, உபதேசியாராகத் தம் சொந்தபந்தங்களிடமே திரும்பி வந்ததால், முன்பின் அறியாதவர் பேச்சுக்குக் கிடைக்காத நம்பிக்கை அவர் பேச்சுக்குக் கிடைத்தது. அவ்வாறு சேர்ந்த குடும்பங்கள் எதிர்ப்புக்கு உள்ளானபோது, அவர்களுக்கென்று 1799இல் முதலூர் என்னும் தனிக் குடியிருப்பு அமைந்தது. கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் உபதேசியார் சொல்லிக்கொடுத்தாலும், அவை மனத்தில் பதிந்தது வீட்டில் கூடிச் செய்த மாலை ஜெபத்தில்தான். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி வழக்கமும் தாயிடமிருந்து மகளுக்கு அடுப்படியிலேயே வந்தது. எழுதப்பட்ட எந்தச் சபை விதியையும்விட இத்தகைய பழக்கங்களே ஆழமாக வேரூன்றின என்று கொள்வது பொருந்தும்.

ஆயினும் இதே உறவுவலை சாதியையும் கோயிலுக்குள் கொண்டுவந்தது என்பதை மறைக்கலாகாது. திருநெல்வேலிச் சபைகளுக்கு முன்பே இது தெரிந்தது: தரங்கம்பாடி மிஷனில் வேளாளரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார்; ஆனால் தஞ்சாவூர் வட்டாரத்தில் சபையைப் பரப்பிய ராஜநாயக்கன் என்னும் உபதேசியார், அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதியார் உடன்படமாட்டார்கள் என்னும் அச்சத்தால், பறையர் குலத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காகக் குருவாக்கப்படவில்லை. அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் ஐயமில்லை. சபைக்குள் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையைவிட்டு விலகினர்.