மணியும் மந்திரமும்: செபமாலைக் கற்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மந்திரத்தை எண்ணி உருவேற்றுதற்குரிய கருவியே செபமாலை. இக்காலத்தில் படிகம், பவளம், சூதுபவளம் முதலிய கற்களாலான மாலைகள் விற்கப்படுங்கால், ஒவ்வொரு கல்லுக்கும் தனித்ததோர் ஆற்றல் உண்டென்றும் அக்கருத்து தொன்றுதொட்டு வழங்குவதென்றும் கூறப்படுகிறது. தொல்லிடங்களில் கிடைத்த கல்மணிகளும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. இக்கூற்றுகள் சான்றுகளோடு பொருந்துகின்றனவா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் தொல்லியல் சான்றினை நோக்குவோம். ஈரோடு மாவட்டத்தில், நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு நிகழ்த்தியது. முற்றுப்பெற்ற மணிகளோடு அரைகுறை மணிகளும் கழிவுச் சில்லுகளும் கிடைத்தமையால், அங்குக் கல்மணித் தொழில் நடைபெற்றமை உறுதியாயிற்று. அங்குள்ள ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து மட்டும் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் எடுக்கப்பட்டன. மலேசியாவில் கெடாவின் சுங்கை மாஸ், பேராக்கின் கோலா செலின்சிங் ஆகிய இடங்களிலும் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. இவை தொழில்திறனையும் கடல்வணிகத்தையும் செல்வநிலையையும் உணர்த்துவன. ஆயினும், மணி கிடைத்தமை ஒன்றே செபம் நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது. கோத்த முறை, எண்ணிக்கை, கிடைத்த சூழல் ஆகியவை தெரியாதவிடத்து, அவற்றை அணிகலன் என்ற அளவில் கொள்வதே முறையாகும்.

எண்ணும் மாலைக்குத் தெளிவான சான்று சிற்பங்களில் உள்ளது. தமிழகத்துப் பிரமசாத்தா வடிவ முருகன் அக்கமாலையும் கமண்டலமும் ஏந்தியவன். தென்முகக் கடவுளின் கையிலும் அக்கமாலை காணப்படும். எனினும், அம்மாலை எப்பொருளால் ஆயது என்பதைச் சிற்பம் கூறுவதில்லை. அதற்கு நூற்சான்றையே நாடவேண்டும்.

இவ்வகையில் முதன்மையானது அட்சமாலிகா உபநிடதம். 108 உபநிடதங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இந்நூல், பிரசாபதி வினவக் குகன் விடைகூறும் அமைப்புடையது. பவளம், முத்து, படிகம், சங்கு, வெள்ளி, பொன், சந்தனம், புத்திரசீவிகை, தாமரை, உருத்திராக்கம் எனப் பத்து வகை மணிகளை இது சுட்டுகிறது. நவமணிகளுள் முத்தும் பவளமும் மட்டுமே இப்பட்டியலில் இடம்பெறுவது நோக்கத்தக்கது. மாணிக்கமோ மரகதமோ நீலமோ இதில் இல்லை. இதிலுள்ள படிகமோ நவமணிகளுள் அடங்குவதன்று. ஆகவே, கற்களைக் கோள்களோடு இணைக்கும் சோதிட மரபு வேறு, இச்செபமாலை மரபு வேறு என்பது தெளிவு.

மேலும், 'அ' முதல் 'க்ஷ' வரையுள்ள எழுத்துகளை மணிதோறும் எழுந்தருளுமாறு வேண்டுவதே இந்நூல் கூறும் சடங்கின் உயிர்நாடி. இறப்பை வெல்லுதல், நஞ்சை நீக்குதல் போன்ற ஆற்றல்கள் அவ்வெழுத்துகளுக்கே உரியனவாகக் கூறப்படுகின்றன. 50 எழுத்துகளை நேர்வரிசையிலும் எதிர்வரிசையிலும் எண்ணினால் 100. எட்டு எழுத்து வருக்கங்களையும் கூட்டினால் 108 ஆகும் என்பது மாலையின் எண்ணிக்கைக்குத் தாந்திரிக மரபினர் தரும் விளக்கங்களுள் ஒன்று. இங்கும் அடிப்படையாவது எழுத்தே.

மாலைக்குரிய பொருளுக்கேற்பப் பயன் வேறுபடும் எனக் கூறும் தாந்திரிக நூல்களும் உள. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது பல மரபுகளுள் ஒன்றேயன்றிப் பொதுவிதியன்று.

முடிவாக, கல்மணியின் வரலாறும் செபமாலையின் வரலாறும் இடையிடையே சந்திக்கும் இருவேறு வரலாறுகள் எனலாம். வகுப்பறையில் கொடுமணல் மணியையோ கெடா மணியையோ காட்டும் ஆசிரியர், அதனை உருவாக்கிய தொழிலாளியின் கைத்திறனையும் அது கடந்த கடலையும் முதலில் உணர்த்துதல் வேண்டும். சான்றில்லாத சமயப் பழமையை அதன்மேல் ஏற்றினால், அத்தொழிலாளியும் மறைவான். எழுத்தைப் போற்றிய செபமரபின் தனித்தன்மையும் மறையும்.