செல்போனில் அலுவலக ஆவணங்கள்: செயலியைத் தேர்வு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

ஹைதராபாத்: அமீர்பேட்டில் மென்பொருள் பயிற்சி நிலையங்கள் நெருங்கி நிற்கும் தெருக்களில் ஜெராக்ஸ் கடைகளுக்கும் குறைவில்லை. வேலை தேடும் இளைஞர்கள் பலர் தங்கள் சுயவிவரக் குறிப்பைச் செல்போனிலேயே தட்டச்சு செய்து, அச்செடுப்பதற்கு மட்டும் கடைக் கணினியை நாடுகின்றனர். செல்போன் திரையில் ஒரே பக்கத்தில் அடங்கிய குறிப்பு, கடைக் கணினியில் திறந்ததும் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து, அட்டவணை கலைந்து நிற்பது இத்தகைய கடைகளில் புதிதல்ல. நேர்காணலுக்கு அரை மணி நேரமே இருக்கும்போது இது நேர்ந்தால் அதன் இழப்பு சிறிதல்ல.

கையடக்கக் கருவியில் வேர்டு, எக்செல் கோப்புகளைக் கையாளும் செயலிகள் இன்று பல உள்ளன. அவற்றில் எது சிறந்தது என்ற கேள்வியைவிட, ஒரு கோப்பு அந்தச் செயலிக்குள் சென்று திரும்பும்போது எந்த நிலையில் திரும்புகிறது என்ற கேள்வியே முதன்மையானது. இந்தக் கேள்வி செல்போனுக்கும் முந்தையது.

டிஜிட்டல் டைரிக் காலம்:

தொலைபேசி எண்களையும் சந்திப்பு நேரங்களையும் குறித்துவைக்கும் சிறு கருவிகள் 1990-களில் இந்தியாவில் டிஜிட்டல் டைரி என்ற பெயரில் அறிமுகமாகியிருந்தன. பிரிட்டனின் சையான் நிறுவனம் 1984-லேயே 'ஆர்கனைசர்' என்ற பெயரில் இத்தகைய கருவியை விற்றது. 1996-ல் அமெரிக்காவில் வெளியான பாம் பைலட் இந்த வகைக்குப் பெரும் சந்தையை உருவாக்கியது. அதன் தொடக்க மாதிரியின் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதில் சேமிக்க இயலாது. மேலும், அதில் உள்ள தகவல்கள் பேட்டரியின் துணையால் நினைவகத்தில் நின்றவை. பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் தகவல்களும் மறைந்துவிடும். கணினியுடன் இணைத்து எடுத்துவைத்த நகல் மட்டுமே காப்பு.

இத்தகைய கருவியில் வேர்டு கோப்பை அப்படியே திறக்க இயலவில்லை. எனவே கோப்பு எளிய வடிவத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றும்போது இழப்பது எதை என்பதில்தான் மென்பொருள்கள் வேறுபட்டன.

மைக்ரோசாப்ட் 2000-ல் வெளியிட்ட பாக்கெட் பிசி கருவிகளில் பாக்கெட் வேர்டு இருந்தது. கணினியிலிருந்து கோப்பை நகலெடுக்கும்போதே அதைத் தன் வடிவத்துக்கு அது மாற்றிக்கொண்டது. அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் அந்த மாற்றத்தில் சிதைந்தன. கருவியில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டுக் கணினிக்குத் திருப்பி அனுப்பினால், சிதைந்த நகலே மூலக் கோப்பின் இடத்தைப் பிடிக்கும் அபாயம் இருந்தது. 2005-ல் வந்த விண்டோஸ் மொபைல் 5 பதிப்பில் வேர்டு மொபைல் எனப் பெயர் மாறிய பிறகே இந்த நிலை மேம்பட்டது. தன் சொந்த வேர்டு கோப்பையே மைக்ரோசாப்ட் ஐந்தாண்டு காலம் சரிவரக் கையாளவில்லை என்பது வியப்புக்குரியது.

பாம் கருவிகளுக்காக டேட்டாவிஸ் நிறுவனம் உருவாக்கிய 'டாக்குமென்ட்ஸ் டு கோ' வேறு வழியைப் பின்பற்றியது. மூலக் கோப்பு கணினியிலேயே இருக்கும். கருவிக்கு எளிய நகல் மட்டும் செல்லும். பயனர் செய்த திருத்தங்கள் கருவியைக் கணினியுடன் இணைக்கும்போது மூலக் கோப்பில் சேர்க்கப்படும். இதனால் கருவியில் தெரியாத படங்களும் பக்க வடிவமைப்பும் மூலத்தில் பத்திரமாக இருந்தன. பின்னர் அந்த மென்பொருள் வேர்டு கோப்பை நேரடியாகவே திறக்கும் நிலைக்கு வளர்ந்தது.

பெங்களூருவின் முயற்சி:

இதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் இணைந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினர். 2001-ல் அறிமுகமான இக்கருவி லினக்ஸில் இயங்கியது. ஆங்கிலம் அறியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக இந்திய மொழிகளுக்கு அதில் முன்னுரிமை தரப்பட்டது. 'அமிடா சிம்ப்யூட்டர்' 2004-ல் விற்பனைக்கு வந்தது. எனினும் சந்தையில் அது எதிர்பார்த்த இடத்தைப் பெறவில்லை.

அன்றைய பாம் கருவிகள் யூனிகோடை ஏற்கவில்லை என்பதை நினைத்தால், சிம்ப்யூட்டர் எதைத் தீர்க்க முயன்றது என்பது விளங்கும். வெளிநாட்டுக் கருவியை வாங்கிய தமிழருக்கு அதில் தமிழ் ஆவணத்தைப் படிக்கக்கூட இயல்பான வழி இல்லை.

ஹைதராபாத்தில் பிறந்தவர் எடுத்த முடிவு:

ஆப்பிளின் ஐபேட் 2010-ல் வெளியானபோது மைக்ரோசாப்ட் ஆபிஸ் அதில் இல்லை. நான்காண்டுகள் அந்த இடம் பிற நிறுவனங்களிடம் இருந்தது. ஹைதராபாத்தில் பிறந்து, பேகம்பேட்டில் உள்ள ஹைதராபாத் பப்ளிக் பள்ளியில் பயின்ற சத்யா நாதெல்லா, 2014 பிப்ரவரி 4 அன்று மைக்ரோசாப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியானார். அதே ஆண்டு மார்ச் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐபேடுக்கான ஆபிஸை அவர் அறிமுகம் செய்தார். விண்டோஸ் விற்பனைக்கு ஆபிஸ் துணை நிற்க வேண்டும் என்ற பழைய கணக்கு அன்றோடு முடிவுக்கு வந்தது எனலாம். தொடக்கத்தில் திருத்தும் வசதிக்குச் சந்தா தேவைப்பட்டது. நவம்பரில் அடிப்படைத் திருத்த வசதி கட்டணமின்றி அளிக்கப்பட்டது.

ஆனால் அந்தச் சலுகைக்கு ஓர் அளவுகோல் உண்டு. 10.1 அங்குலம் வரையிலான திரைகளுக்கே அது பொருந்தும். அதைவிடப் பெரிய டேப்லெட் வாங்கியவர், செல்போனில் இலவசமாகத் திருத்திய அதே கோப்பை டேப்லெட்டில் திருத்தச் சந்தா செலுத்த நேரிடும். டேப்லெட் வாங்கும் முன் பலர் கவனிக்கத் தவறும் செய்தி இது.

மறைந்துபோன செயலிகள்:

நோக்கியா இ71 போன்ற கைபேசிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு 'குவிக்ஆபிஸ்' நினைவிருக்கலாம். அதை 2012-ல் கூகுள் வாங்கியது, 2013-ல் இலவசமாக்கியது, 2014-ல் நிறுத்தியது. அதன் திறன்கள் கூகுள் டாக்ஸ் செயலியில் இணைக்கப்பட்டன. 'டாக்குமென்ட்ஸ் டு கோ' 2010-ல் பிளாக்பெர்ரி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. மைக்ரோசாப்டும் தன் ஒருங்கிணைந்த 365 செயலியின் பெயரை 2025 ஜனவரியில் 'மைக்ரோசாப்ட் 365 கோபைலட்' என மாற்றியது.

செயலி நின்றாலும் கோப்பு பொது வடிவத்தில் இருந்தால் வேறொரு செயலி அதைத் திறக்கும். வேர்டின் டாக்எக்ஸ் வடிவம் 2008-லும், லிப்ரே ஆபிஸ் பயன்படுத்தும் ஓடிஎஃப் வடிவம் 2006-லும் சர்வதேசத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்றவை. இவ்விரண்டில் ஒன்றில் நேரடியாகச் சேமிக்கும் செயலி பாதுகாப்பான தேர்வு.

கூகுள் டாக்ஸில் புதிதாகத் தொடங்கும் ஆவணம் இவ்வகையில் சற்று வேறுபட்டது. அது கூகுளின் சர்வரில் உள்ளது. கணினியின் டிரைவ் கோப்புறையில் தெரியும் அதன் சின்னம் ஓர் இணைப்பு மட்டுமே. அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் ஆவணம் வராது. 'டவுன்லோட்' கட்டளையின் மூலம் டாக்எக்ஸ் அல்லது பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ள வேண்டும். தவிர, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கல்லூரிக் காலத்தில் தொடங்கி மறந்துபோன கணக்கில் திட்ட அறிக்கையை வைத்திருப்பவர்கள் ஒருமுறையேனும் உள்நுழைந்து பார்ப்பது நல்லது.

தமிழ் ஆவணங்களுக்கு உரிய சிக்கல்:

டாக்எக்ஸ் கோப்பு பொதுவாக எழுத்துருவின் பெயரை மட்டுமே சுமந்து செல்கிறது, எழுத்துருவைச் சுமப்பதில்லை. செல்போனில் அந்த எழுத்துரு இல்லையென்றால் செயலி வேறொன்றை இட்டு நிரப்பும். எழுத்தின் அகலம் மாறும்போது வரி மாறும்; வரி மாறும்போது பக்கம் மாறும். அமீர்பேட் கடையில் சுயவிவரக் குறிப்பு வழிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆங்கிலத்தில் இது தோற்றப் பிழையோடு நிற்கும். தமிழில் ஆவணமே படிக்க இயலாமல் போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. பாமினியில் தட்டச்சு செய்த 'அம்மா' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகளின் வரிசையாகத் தெரியும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில்-அவ்வையார் எழுத்துருவில் உள்ள கோப்புகளும் இவ்வாறே பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதம் யூனிகோடையும், அதனுடன் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்து அரசாணை வெளியிட்டது. ஆயினும் அதற்கு முந்தைய கோப்புகள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்றும் உள்ளன.

எந்தச் செயலியை நிறுவினாலும் இக்குறை தீராது, ஏனெனில் குறை கோப்பில் உள்ளது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளின் மூலம் கணினியில் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அத்தகைய கோப்புகளைச் செல்போனுக்கு அனுப்ப வேண்டும். குடும்பச் சொத்து ஆவணத்தின் தட்டச்சுப் பிரதியோ, தந்தை எழுதிய கட்டுரையோ பழைய எழுத்துருவில் இருந்தால், அதைத் தட்டச்சு செய்த கணினி இயங்கும் நிலையில் இருக்கும்போதே இப்பணியை முடிப்பது நலம்.

மத்திய அரசின் தேர்வு:

அண்மையில் இந்தக் கேள்வி அரசு மட்டத்திலும் எழுந்தது. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஆவணம், விரிதாள், விளக்கக்காட்சி ஆகியவற்றுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார். அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் தன் அலுவலர்கள் ஜோஹோ ஆபிஸ் தொகுப்பைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனத்தின் ஜோஹோ ரைட்டர் 2005-ல் தொடங்கப்பட்டது. அரசின் பார்வையில் தரவு எந்த நாட்டில், யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்பதே முக்கியக் காரணி.

தனிநபருக்கு இக்காரணி வேறு வடிவில் பொருந்துகிறது. ஆதார் நகல், சம்பளச் சான்று போன்றவற்றை எந்தச் செயலியிடம் ஒப்படைக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆவணங்களைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கப் பரவலாகப் பயன்பட்ட கேம்ஸ்கேனர் செயலியின் ஆண்ட்ராய்டு பதிப்பில், விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட பகுதியில் தீங்கு நிரல் இருப்பதை 2019-ல் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று.

எதை எப்போது தேர்வு செய்யலாம்?:

அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்பில் திருத்தக் குறிகளும் அட்டவணைகளும் நிறைந்திருந்தால், மைக்ரோசாப்ட்டின் சொந்தச் செயலியில் சிதைவு குறைவு. பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஆவணத்துக்குக் கூகுள் டாக்ஸ் எளிது. ஓடிஎஃப் கோப்புகளைத் திருத்த கொலாபரா ஆபிஸ் செயலி உள்ளது. எக்செல் கோப்பில் மேக்ரோ இருந்தால், அதை இயக்கச் செல்போன் செயலிகளை நம்ப இயலாது. அந்த வேலைக்குக் கணினியே தேவை.

நிறுவிய பிறகு ஒரு சோதனை போதும். தங்களிடம் உள்ளவற்றில் மிகச் சிக்கலான ஆவணத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செயலியில் திறந்து, ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சேமித்து, பிறகு கணினியில் திறந்து மூலத்துடன் ஒப்பிட வேண்டும். அட்டவணை, அடிக்குறிப்பு, பக்க எண் ஆகியவற்றுடன் 'கொ', 'ஸ்ரீ' போன்ற எழுத்துகளும் சரியாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். இணையம் இல்லாமல் திறக்க மறுக்கும் செயலி, ரயில் பயணத்திலும் மறுக்கும்.

அச்சுக் கடைக்கு அனுப்புவது மட்டுமே நோக்கமெனில், செல்போனிலேயே பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்ப வேண்டும். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னுடன் எடுத்துச் செல்லும் என்பதால் பக்கம் மாறாது. திருத்தம் தேவைப்படலாம் என்றால் டாக்எக்ஸ் கோப்பையும் உடன் வைத்திருப்பது நல்லது.