வாயில் திறந்த பின்னர்

பல்கலைக்கழக வாயில் பெண்களுக்குத் திறக்கப்பட்ட வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். உள்ளே சென்ற பெண் தன்னை யாராக உணர்ந்தாள் என்பது அவ்வளவாக ஆராயப்படவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சந்திரமுகி பாசுவும் காதம்பினி பாசுவும் 1883இல் பட்டம் பெற்றனர். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் அளித்தது 1920இல். கேம்பிரிட்ஜ் முழு உரிமையுடன் அளித்ததோ 1948இல்தான். இவ்வகையில் இந்தியா முந்திக்கொண்டது எனலாம். ஆயினும் முந்திச் சென்ற பெண்கள் விதிவிலக்குகளாகவே கருதப்பட்டனர். விதிவிலக்கினால் விதி மாறிவிடுவதில்லை.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர முயன்றபோது, மாணவர் ஒழுக்கம் குலையும் என எதிர்ப்பு எழுந்தது; அவர்தம் தாய் தேவதாசி மரபினர் என்பதும் சுட்டப்பட்டது. மன்னரின் ஆணையே அவருக்கு இடம் பெற்றுத் தந்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், பிறந்த மரபை மறப்பதற்குரிய வழியாகக் கல்வியைக் கொள்ளவில்லை. சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக விளங்கிய அவர், பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியது. 'நான் மீண்டேன்' என்னும் நிறைவு, 'நாம் ஏன் இவ்வாறு வைக்கப்பட்டோம்' என்னும் வினாவாக மாறிய இடம் இது. பெண்ணிய உணர்வின் தொடக்கமும் இதுவே.

பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய தேவதாசியர் அம்முயற்சியை எதிர்த்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. படித்த பெண் ஒருத்தி 'நாம்' என்னும்போது, அதனுள் அடங்க மறுக்கும் பெண்களும் உளர். அவர்கள் குரலையும் கேட்டால்தான் அச்சொல் முழுமை பெறும்.

1914இல் இராணி மேரி கல்லூரியும் 1915இல் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் சென்னையில் தோன்றின. தனித்தனியே நின்ற மாணவியர் அங்கே ஒரு கூட்டமாயினர். ஒருத்தியின் குறை தனக்கும் உரியது என மற்றொருத்தி உணர்வதற்குக் கூட்டம் தேவைப்படுகிறது. ஆனால் பாதுகாப்பின் பொருட்டு எழும் மதில், உள்ளிருப்போரைக் காவலிலும் வைத்துவிடக்கூடும். 2015இல் தில்லியில் மாணவியர் தொடங்கிய 'பிஞ்ஜ்ரா தோட்' இயக்கம், அதாவது கூண்டை உடைக்கும் இயக்கம், விடுதிக் கதவு அடைபடும் நேரத்தையே வினாப்பொருளாக்கியது. உள்ளே நுழையும் உரிமைக்காக எழுந்த குரல், நூற்றாண்டு கடந்து, வெளியே செல்லும் உரிமைக்காக எழுந்தது.

'பெண்ணியவாதி' என்னும் பெயரை ஏற்கத் தயங்கும் மாணவியர் இன்றும் உள்ளனர். அதுபற்றி வருந்த வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குத் தன் விடுதி அடைபட, ஆடவர் விடுதி மட்டும் திறந்திருப்பது ஏன் என்று ஒருத்தி கேட்டுவிட்டால் போதும். பெயர் பின்னர் வரும்.