வெட்டுத்தகட்டு எழுத்தும் வீதிப் பலகைத் தமிழும்

எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கல்வெட்டையும் ஏட்டையும் அச்சு நூலையுமே நோக்குவர். வீதியோரப் பலகையிலும் பண்டகசாலைச் சுவரிலும் சரக்குப் பெட்டியின் பக்கத்திலும் பொறிக்கப்பெற்ற எழுத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாக எளிதிற் கொள்வதில்லை. ஆயினும், ஒரு நகரத்தில் வாழ்வோருள் நூலைத் திறவாதார் பலர்; பலகையைப் பாராதார் மிகச் சிலர். ஆதலின், ஒரு மொழிக்கு ஒரு நகரம் அளிக்கும் இடம் யாதென அறிய விரும்புவோர், அந்நகரின் நூலகத்தை மட்டுமன்றி அதன் வீதிகளையும் படித்தல் வேண்டும்.

எழுத்தின் வடிவம் எழுதுவோன் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. எழுதப்படும் பொருளும் எழுதும் கருவியும் அதனை உருவாக்குகின்றன. பாறையில் உளிகொண்டு வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்து நேர்கோடுகள் மிக்கது. ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்தோ வளைவுகள் மிக்கது. ஏட்டில் மெய்யெழுத்தின் புள்ளியையும் இடாது விடுதலே பெருவழக்காயிருந்தது. படிப்போன் இடம் நோக்கிப் பொருள் உணர்ந்தான்.

அச்சுக்கலை வந்தபோது எழுத்து உலோகத்திற் புகுந்தது. கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 20ஆம் நாள் அச்சிட்டு முடிக்கப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூலாயினும், இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல்களுள் முதன்மையானது. பின்னர்ச் செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் அச்செழுத்துக்கள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை அளவிற் பெரியனவாய்த் தாளை மிகுதியும் விழுங்கியமையால், சிறிய எழுத்துக்கள் அவ்விடத்திலேயே வார்க்கப்பட்டன. ஈழநாட்டில் 1841இல் 'உதயதாரகை' தோன்றியது. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். இவையெல்லாம் நூலெழுத்தின் வரலாறு.

தொழிற்சாலையும் புகையிரதமும் துறைமுகமும் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வேறொருவகை எழுத்தை வேண்டிற்று. அது தொலைவிலிருந்து தெரிதல் வேண்டும். யார் பொறிப்பினும் ஒரே வடிவில் அமைதல் வேண்டும். பிரசிய அரச புகையிரதத் துறை 1905ஆம் ஆண்டில் தன் பலகைகளுக்கென வரைந்த எழுத்தே பின்னர் 1936இல் 'டின் 1451' என்னும் செருமானிய நியம எழுத்து உருவாவதற்கு அடிப்படையாயிற்று. இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்திற்காக எட்வேட் ஜோன்ஸ்டன் அமைத்த எழுத்து 1916ஆம் ஆண்டினது. நமது நாட்டிலோ, தேயிலைப் பெட்டிகளின்மேல் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் 'ஸ்டென்சில்' எனப்படும் வெட்டுத்தகட்டாற் பொறிக்கப்பட்டன. கொழுந்து கொய்த கைகள் தமிழர் கைகள்; பெட்டியின்மேல் நின்ற எழுத்தோ ஆங்கில எழுத்து.

வெட்டுத்தகட்டின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். மெல்லிய தகட்டில் எழுத்தின் வடிவை வெட்டியெடுத்து, அதன்மீது மை பூசினால், வெட்டிய வெளியினூடே எழுத்துப் பதியும். எழுத்தினுள்ளே அடைபட்ட வட்டம் உளதாயின், அவ்வட்டத்தின் நடுத்துண்டு தகட்டினின்றும் கழன்று விழுந்துவிடும். அதனைத் தாங்கக் கோட்டின் குறுக்கே சிறு பாலங்களை விடுதல் வேண்டும். ஆங்கிலப் பேரெழுத்துக்களிற் சிலவற்றுக்கே இவ்விடர் உண்டு. தமிழில் ட, ப, ர என்பன எளிதில் வெட்டப்படும். புள்ளியோ ஒரு தனித்துளையாய் அமையும். ஆனால் ண, இ, ஞ போன்ற சுழியெழுத்துக்களிற் பாலத்தை எங்கே இடுவது என்பது நுண்ணிய வினா. பிழையான இடத்தில் விட்ட பாலம் 'ண'வை 'ன'வென மயங்கச் செய்தல் கூடும். அன்றியும், 'பி'யின் மேற்கொக்கியும் 'பூ'வின் கீழ்க்கோடும் ஒரு வரியின் உயரத்துள் அடங்க வேண்டியிருத்தலின், கவனமின்றி எழுதுவோன் தமிழெழுத்தையே சிறிதாக்கி நெருக்கிவிடுகின்றான். பலகைகளில் தமிழ் மெலிந்து தோன்றுவதற்கு அலட்சியம் ஒரு காரணமாயின், இவ்வமைப்பை உணராமை மற்றொரு காரணமாகும்.

இலங்கையிற் பலகையெழுத்து வெறும் அலங்காரமாய் என்றும் இருந்ததில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1957இல் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. அதனை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வெழுத்தின்மேல் தார் பூசப்பட்டது. 1958இல் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் தார் பூசப்பட்டது. இருபுறத்தும் தூரிகை அழித்தது ஓர் எழுத்தை. புண்பட்டதோ அவ்வெழுத்தைத் தமதெனக் கொண்ட மக்களின் உள்ளம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டம் வழி திறந்தது. ஆயினும், பலகையிற் சமமாய் நிற்பதற்குச் சட்டத்தோடு எழுத்துருவும் வேண்டுமன்றோ?

இந்நிலையில், கொழும்பைச் சேர்ந்த 'மூனியாக்' என்னும் எழுத்துருக் கூடம் 2010களில் வெளியிட்ட 'போஸ்ட் நோ பில்ஸ்' என்னும் எழுத்துருக் குடும்பம் நம் கருத்தைக் கவர்கின்றது. 'விளம்பரம் ஒட்டாதீர்' எனச் சுவர்களிற் காணும் எச்சரிக்கையே அதன் பெயர். வெட்டுத்தகட்டு எழுத்தின் பாலங்களைத் தன் அணியாகக் கொண்ட அக்குடும்பத்தில் சிங்கள எழுத்துக் 'கொழும்பு' எனவும், தமிழெழுத்து 'யாழ்ப்பாணம்' எனவும் பெயர் பெற்றன. ஆங்கில எழுத்து இரண்டிலும் உடனுறைகின்றது. மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை பல தடிப்புகளில் அமைந்த அதனை எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்; திருத்தவும் செய்யலாம்.

கணினியில் தகடு இல்லை. கழன்று விழும் நடுத்துண்டும் இல்லை. அங்ஙனமாயின் பாலங்கள் எதற்கு என ஒருவர் வினவலாம். ஓலை மறைந்த பின்னரும் அதன் வளைவு நம் எழுத்தில் நின்றதுபோல், தகடு மறையுங்காலத்து அதன் பாலமும் நினைவாய் நிற்கின்றது என்பதே விடை. நெகிழித் துணியில் இயந்திரம் அச்சிடும் பலகைகள் பெருகி, பெயின்ரரின் தூரிகை ஓய்ந்துவரும் இந்நாளில், அந்நினைவைக் காத்தலும் வரலாற்றுப் பணியேயாம்.

எனினும், நல்ல எழுத்துரு பிழையான சொல்லைத் திருத்தாது. அரசாங்கப் பலகைகளிலே தமிழ்ச்சொற்கள் எழுத்துப் பிழையோடும் பொருட் பிழையோடும் நிற்றலை நாம் அடிக்கடி காண்கின்றோம். மாணவர் காலி வீதி வழியே செல்லுங்கால் பலகைகளைக் கூர்ந்து நோக்குவாராக. பிழை கண்டவிடத்துக் குறித்துக்கொண்டு உரியவர்க்கு எழுதுவாராக. மூன்று எழுத்துக்களும் ஒரே பலகையில் ஒத்த உயரத்தில், ஒத்த தெளிவோடு, பிழையின்றி நிற்கும் நாளிலேதான் 1958இன் தார் முற்றாகக் கழுவப்பட்டதாகும்.